கோப்பிக் கும்மியும் அழுகைக் கோச்சியும்

மலைநாட்டுத் தமிழரின் இலக்கியத்தை ஆராயப் புகுவோர் பலரும் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’யிலிருந்தே தொடங்குவர். ஆபிரகாம் ஜோசப் என்பார் இயற்றி 1869ஆம் ஆண்டில் அச்சேறிய நூல் அது. கோப்பிச் செய்கையின் முறைகளை அது விரித்துரைக்கின்றது. ஆயின் அது வேலை வாங்குவோன் நிலையில் நின்று பாடப்பட்டது. வேலை செய்தவனின் குரலை நாம் அதில் தேடிப் பயனில்லை. (அதே ஆண்டில் கோப்பியிலை நோயும் இத்தீவிலே தலைகாட்டியது, விதியின் வேடிக்கை போலும்!)

வேலை செய்தவன் பாட்டு ஏட்டில் ஏறவில்லை, வாயிலேயே வாழ்ந்தது. தென்னிந்தியக் கிராமங்களிலே பஞ்சமும் கடனும் வருத்த, கங்காணி கொடுத்த முற்பணத்தை நம்பிப் புறப்பட்டவர்கள் கடல் கடந்து மன்னாரிலே இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தனர். வாந்திபேதியால் வழியிலே மாண்டோர் பலர். மலை சேர்ந்த பின்னரும் முற்பணக் கடன் விடவில்லை. ‘துண்டு’ என்னும் கடன் சீட்டு 1921இல் ஒழிக்கப்படும் வரை ஆளைத் தோட்டத்தோடு பிணைத்து வைத்தது. இத்துயரமெல்லாம் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் இடம்பெற்றது. அவற்றைத் தேடித் தொகுத்து 1983இல் நூலாக்கியவர் சி. வி. வேலுப்பிள்ளை, தாமே தோட்டத்திற் பிறந்தவர். எம் கருத்தில் அவர் செய்த பணிகளுள் இதுவே தலையாயது.

தமிழகத்தில் புதுமைப்பித்தன் 1935இல் ‘துன்பக்கேணி’யை எழுதினார். திருநெல்வேலிச் சீமைப் பெண்ணான மருதி தேயிலைத் தோட்டத்திலே பட்ட பாட்டை அக்கதை மறைக்காமற் கூறுகின்றது.

சி. வி. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றஞ் சென்றார். மறு ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்ட மக்களுட் பெரும்பாலோர்க்கு வாக்கில்லை. தமிழர் தலைவர்கள் இப்பிரச்சினையிலே இரு கூறாயினர். ‘தோட்டக்காட்டான்’ என்னும் இழிசொல் சிங்களவர் வாயில் மட்டுமன்று, எம்மவர் வாயிலும் வழங்கியதே; அதனை மறைத்து வரலாறு எழுதுதல் முறையன்று.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னர் பார்ப்பதாயிற்று. எண்ணப்பட்டோரை ஒருவரும் கேட்கவில்லை. மலையிலிருந்து அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ‘அழுகைக் கோச்சி’. எந்தக் கவிஞனும் அதைவிடப் பொருத்தமான பெயரைச் சூட்டியிருக்க மாட்டான். அரசாங்கத்து ஏடுகளோ அவர்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்றன. இங்கே பிறந்து இந்தியாவைக் கண்ணாலும் காணாதவன் எங்ஙனம் திரும்புவான்? இங்கே ‘இந்தியாக்காரன்’ எனப்பட்டவன் நீலகிரியிலே ‘சிலோன்காரன்’ ஆனான்.

போகாது நின்றோரில் நாடற்றவராய் எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே குடியுரிமை அளித்தது. அதற்குள், உரிமை பறிபோன நாளில் வாலிபராயிருந்தோர் பலர் தேயிலைச் செடிகளின் அடியிலே புதைக்கப்பட்டுவிட்டனர்.