வழக்கேடுகளைத் தேடி

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் ஒன்று உண்டு. அதன் சுவரில், முதலாம் இராசராசனது இரண்டாம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. 987 அளவில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டொன்று காணப்படுகிறது. இராசராசனுடைய தமையன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டு இறந்தான் என்பதை மாணவர்கள் படித்திருப்பீர்கள். அக்கொலையைச் செய்தவர் யார்? திருவாலங்காட்டுச் செப்பேடுகளைக் கேட்டால், இளவரசன் விண்ணுலகு எய்தினான் என்று மட்டும் கூறி அமைந்துவிடும். சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்று கொலையாளிகளின் பெயர்களை உடையார்குடிக் கல்வெட்டே நமக்கு அறிவிக்கிறது.

ஆயினும் அக்கல்வெட்டு கொலையைப் பற்றி எழுதப்பெற்றதன்று. அது நிலத்தைப் பற்றியது. துரோகிகளுடையவும் அவர்தம் உறவினருடையவும் உடைமைகளைப் பறிமுதல் செய்யுமாறு அரசன் ஊர்ச்சபைக்கு ஓலை விடுத்தான். அந்நிலத்தில் ஒரு பகுதியை ஒருவர் பொன்கொடுத்து வாங்கி, அக்கோயிலில் அந்தணர்க்கு உணவளிக்கும் அறத்துக்கு எழுதிவைத்தார். வாங்கியவரின் உரிமை வழுவற்றது என்று காட்டுதற்காகவே, நிலம் முன்பு யாருடையது, எக்காரணத்தால் அரசுக்கு வந்தது என்பவை கல்லில் ஏறின. நிலத்துக்கு ஒரு விற்பனை நேராதிருப்பின், அக்கொலையாளிகளின் பெயர்கள் நமக்குக் கிடைத்தே இரா.

குற்றத்தின் வரலாற்றைத் தேடுவோன் குற்றப் பதிவேட்டை மட்டும் புரட்டிவிட்டு, 'இல்லை' என்று திரும்பிவிடலாகாது. இவ்வுண்மையை நான் நூல்களில் கற்றேனல்லேன். எனக்கு அதைக் கற்பித்தவர் எங்கள் தெருவில் வாழ்ந்த முதியவர் ஒருவர்.

1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் இராசாசியின் தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்தை நோக்கி நடந்தார்கள். தஞ்சை மாவட்டக் கலெக்டராக இருந்த தார்ன் என்பார், தொண்டர்களுக்கு உண்டியும் உறையுளும் அளிப்போர் இந்தியத் தண்டனைச் சட்டம் 157ஆம் பிரிவின்படி தண்டிக்கப்படுவர் என எச்சரித்தார். அப்பிரிவின்கீழ் ஆறு மாதம் வரை சிறையிடலாம்; அபராதமும் விதிக்கலாம். அவ்வெச்சரிக்கையையும் மீறிச் சோறு படைத்தவர்கள் வழியெங்கும் இருந்தனர். எங்கள் தெருப் பெரியவரும் அவருள் ஒருவர். ஆறு மாதம் சிறை சென்று மீண்டார்.

1972ஆம் ஆண்டில் விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு மத்திய அரசு ஓய்வூதியம் வகுத்தது. பொதுவாகக் குறைந்தது ஆறு மாதம் சிறையிருந்திருத்தல் வேண்டும் என்பது விதி. அதற்குச் சிறையதிகாரியின் சான்றிதழ் தேவை. கல்லூரி மாணவனாயிருந்த நானே பெரியவருக்கு மனு எழுதிக்கொடுத்தேன். சிறையிலிருந்து வந்த மறுமொழி ஒரே வரிதான்: அவ்வாண்டுப் பதிவேடு இல்லை. அது கறையானுக்கு இரையாயிற்றோ, முறைப்படி அழிக்கப்பட்டதோ, யாரறிவார்? காலங்கடந்த ஆவணங்களை அழித்தற்கென்றே 1917ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பெற்றிருக்கிறது. உடனிருந்த கைதிகளின் சான்றும் ஏற்கப்படும் என்றார்கள். பெரியவருடன் இருந்தோர் ஒருவரும் அப்போது உயிருடன் இல்லை.

"நான் சிறைக்குப் போனேனா இல்லையா என்று எனக்கே ஐயம் வந்துவிட்டது, தம்பி" என்றார் பெரியவர். அவர் அதைச் சிரித்துக்கொண்டே கூறினார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சில ஆண்டுகள் கழித்து வரலாற்று ஆராய்ச்சியில் இறங்கியபின் என் அறியாமை எனக்கு விளங்கிற்று. கைது என்னும் ஒரு நிகழ்ச்சி ஒரே வீட்டில் மட்டும் தடம் பதிப்பதில்லை. போலீசு நிலையத்தின் முதல் தகவல் அறிக்கை, மாஜிஸ்திரேட்டின் காவல் ஆணை, தீர்ப்பு, மேல்முறையீடு, சிறைப் பதிவேடு, அரசாணை என்று அது பல வீடுகளில் கால்வைத்துச் செல்கிறது. வ.உ. சிதம்பரம் பிள்ளை 1908 மார்ச்சு 12இல் கைதானார். சூலை 7இல் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே தீர்ப்புரைத்தார். நவம்பர் 4இல் சென்னை உயர்நீதிமன்றம் தண்டனையை ஆறாண்டாகக் குறைத்தது. அம்மேல்முறையீட்டுத் தீர்ப்பை இந்தியச் சட்ட அறிக்கைகளின் சென்னை வரிசையில் 32ஆம் தொகுதியில் இன்றும் படிக்கலாம். மாவட்ட ஏடு மறைந்தாலும் அச்சேறியது நிற்கும்.

எழும்பூரில் 1909ஆம் ஆண்டில் எழுந்த செந்நிறக் கட்டடம் சென்னை ஆவணக் களரியாக இருந்து, 1973இல் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் எனப் பெயர் மாறியது. கிழக்கிந்தியக் கும்பெனியார் காலத்திலிருந்து அரசு எழுதிய தாள்கள் அங்கே அடுக்கடுக்காக உள்ளன. அங்குச் செல்வோர் முதலில் மறக்கவேண்டியது இன்றைய எழுத்துக்கூட்டலை. தஞ்சாவூரை 'டாஞ்சூர்' என்றும், திருச்சிராப்பள்ளியைத் 'டிரிச்சினாபொலி' என்றும் ஆங்கிலேய எழுத்தன் எழுதிவைத்தான். ஊர்ப்பெயருக்கே இக்கதி என்றால், ஆள்பெயர் என்ன பாடுபட்டிருக்கும்! ஆகவே பெயரைக் கொண்டு தேடுவதினும், நாளையும் சட்டப் பிரிவையும் கொண்டு தேடுவது பயன் தரும்.

இக்காலத்து மாணவர்க்கு வழி எளிதாயிற்று. பொது ஆவணத்தின் சான்றிட்ட படியைப் பெறும் உரிமையை 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமே வழங்கியது. 2024 சூலை முதல் அதனிடத்தில் வந்துள்ள புதிய சட்டமும் அவ்வுரிமையைக் காத்துள்ளது. 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. வழக்கின் நிலையைக் கணினியில் காணலாம். மறைக்கத்தக்க வழக்குகள் நீங்கலாக, முதல் தகவல் அறிக்கையை இணையத்தில் வெளியிடுமாறு உச்சநீதிமன்றம் 2016இல் ஆணையிட்டது. ஆனால் ஒன்று: முதல் தகவல் அறிக்கை குற்றச்சாட்டேயன்றித் தீர்ப்பன்று. அதை மட்டும் படித்துவிட்டு ஒருவனைக் குற்றவாளி என்போர் படித்தவராகார்.

பெரியவர் கதைக்கு மீள்வோம். அவருக்குச் சிறையோடு ஐம்பது ரூபாய் அபராதமும் விதித்திருந்தார்கள் என்பது ஒரு நாள் பேச்சிடையே தெரியவந்தது. அவர் அதனைக் கட்டவில்லை. கட்டாத அபராதத்துக்கு வீட்டுப் பொருளை ஜப்தி செய்வர். ஜப்தி என்றால் கணக்கு வேண்டும். கணக்கு என்றால் எங்கோ ஒரு கட்டில் தாள் இருக்கும். உடையார்குடி என் நினைவுக்கு வந்தது. மாவட்ட ஆவண அறையொன்றில் வருவாய்த்துறைக் கட்டுகளை ஒன்பது நாள் புரட்டினேன். அவர் பெயரில் இரண்டெழுத்து மாறியிருந்தது. தந்தை பெயரும் ஊரும் சரியாயிருந்தன. 157ஆம் பிரிவு, ஆறு மாதம், அபராதம் ரூபாய் 50, ஜப்தி செய்த பொருள்: பித்தளை அண்டா ஒன்று.

சான்றிட்ட படியைப் பெற்று, மனுவோடு இணைப்பதற்குமுன் அவரிடம் படித்துக்காட்டினேன். பிரிவு எண்ணையும் தண்டனையையும் அவர் பொருட்படுத்தவில்லை.

"அந்த அண்டாவில்தான் அன்றைக்குச் சோறு வடித்தோம். என் தாயார் சீராகக் கொண்டுவந்தது. அதை யார் எடுத்தார் என்று எழுதியிருக்கிறதா, தம்பி?"

மீண்டும் பார்த்தேன். ஏலத்தொகை இருந்தது, எடுத்தவர் பெயர் இல்லை.