தண்டனை போதாது என்று யார் சொல்லலாம்?

திருப்புட்குழியை ஒட்டிச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஓடுகிறது. விஜயராகவப் பெருமாளைச் சேவிக்கவும் காஞ்சிபுரத்தில் பட்டு எடுக்கவும் போகிறவர்கள் வருகிற சாலை. அங்கே பகலில் வழிப்பறி செய்தால் 10 ஆண்டு வரை தண்டனை. பொழுது சாய்ந்து விடிவதற்குள் செய்தால் 14 ஆண்டு வரை. 1860இல் தண்டனைச் சட்டத்தின் 392ஆம் பிரிவு போட்ட கணக்கு இது. பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது.

"வரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். நீதிபதி இரண்டு ஆண்டும் கொடுக்கலாம். அது போதாது என்று மேலே போகும் உரிமை யாருக்கு?

1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அரசுக்கே அது இல்லை. விடுதலையை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்யலாம். தண்டனையைக் கூட்டுவது உயர் நீதிமன்றத்தின் சீராய்வு அதிகாரம். நிதானமான ஏற்பாடுதானே என்று தோன்றும். அதே வெள்ளை அரசுதான் 1911இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தைச் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தது. அதன் 23ஆம் பிரிவைத் தோழர்கள் அவசியம் படிக்க வேண்டும். பட்டியலில் ஏற்றப்பட்ட சமூகத்தில் பிறந்தவர், கொள்ளை, வீடு புகுதல் போன்ற குற்றங்களில் இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டால் ஏழாண்டுக்குக் குறையக் கூடாது. மூன்றாம் முறை ஆயுளுக்கும் நாடு கடத்தல். தனிக் காரணம் இருந்தால்தான் நீதிபதி குறைக்கலாம். குறவர்களும் பிரமலைக் கள்ளர்களும் இந்தப் பட்டியலில் இருந்தார்கள். கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று சுடப்பட்டார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் போனது. மறு ஆண்டே 'வழக்கமான குற்றவாளிகள்' பெயரில் இன்னொன்று வந்தது.

தண்டனை குறைவு என்று மேல்முறையீடு செய்யும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 377ஆம் பிரிவு. இன்று அது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 418. பறிகொடுத்தவருக்கு அது கிடையாது. 2009 கடைசியில் அமலான திருத்தம், விடுதலையையும் குறைந்த இழப்பீட்டையும் எதிர்க்க அவரை அனுமதித்தது. தண்டனையின் அளவை எதிர்க்க விடவில்லை. 2020இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, வழிப்பறி வழக்கில் தண்டனை மிகக் குறைவு என்று யார் வேண்டுமானாலும் அட்டர்னி ஜெனரலிடம் முறையிடலாம். இங்கே தறிக்காரர் வீட்டில் பட்டும் பணமும் போனால், அரசிடம் மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

திருடனை விட்டுவிடு என்று நாம் கேட்கவில்லை. சேரியிலும் பூட்டு உடைகிறது. ஆனால் யாருடைய தண்டனை குறைவு என்று அரசு முடிவு செய்யும்போது, 23ஆம் பிரிவின் நினைவு நமக்கு வரத்தான் செய்யும்.

களத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. பொய்த் திருட்டு வழக்கில் சிக்கிய இருளர் ஒருவரின் தண்டனையைக் கூட்டச் சொல்லி அரசு மேலே போனால், தன்னை விடுதலை செய்யும்படியே அவர் அங்கே வாதாடலாம். 377(3) அந்தக் கதவைத் திறந்து வைத்தது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வழக்கறிஞர் இலவசம். நோட்டீஸ் வந்த அன்றே அதை எடுத்துக்கொண்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள்.