பனி அறியாத ஊரில் உடைந்த குழாய்கள்

நம் குடியிருப்பில் பலருடைய பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். டெக்சாஸ் மாநிலத்தில் இருப்பவர்களும் உண்டு. 2021 பிப்ரவரி நடுவில் டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் என்று எங்கே போன் போட்டாலும் ஒரே பேச்சுதான்: கரன்ட் இல்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை, ஆனால் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. குழாயில் வராத தண்ணீர் கூரையிலிருந்து எப்படிக் கொட்டும் என்று இங்கே இருந்தவர்களுக்குப் புரியவில்லை. அதற்குப் பின்னால் எழுபது ஆண்டுக் கதை ஒன்று இருக்கிறது.

டெக்சாஸ் வெயில் ஊர். ஜூலை, ஆகஸ்டில் டாலஸில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். நம் அக்னி நட்சத்திரத்துக்குக் குறைந்ததல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஏசி வீடுகளுக்குள் வந்ததும், வடக்கிலிருந்து மக்கள் தெற்கு மாநிலங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்களுக்காக வேகவேகமாக வீடுகள் எழும்பின. மினசோட்டா போன்ற வடக்கு மாநிலங்களில் வீட்டுக்கு அடியில் நிலவறை இருக்கும். தண்ணீர்க் குழாய்கள் அதற்குள், வீட்டின் சூட்டிலேயே ஓடும். தெருக்குழாயை, மண் உறையும் ஆழத்துக்கும் கீழே, ஆளுயரத்துக்கு மேல் தோண்டிப் புதைப்பார்கள். டெக்சாஸில் அதற்கெல்லாம் தேவை என்ன? தரையில் கான்கிரீட் தளம் போட்டு அதன் மேலேயே வீடு. குழாய்களை வெளிச்சுவருக்குள் விட்டார்கள். கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவில் இருக்கும் பரண் வழியாகவும் இழுத்தார்கள். அந்தப் பரணைக் காற்றோட்டமாக விட்டது வெயில் சூடு வெளியேறுவதற்காக. வெயிலுக்கு அது நல்ல யோசனை. கடுங்குளிர் வந்தால் அதே காற்று நேராகக் குழாய் மீது வீசும்.

அந்தக் கட்டடக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாம்கூட மழைக்கும் வெயிலுக்கும்தானே வீடு கட்டுகிறோம்? பத்து ஆண்டுக்கு ஒரு முறை வரும் குளிருக்காக யார் செலவு செய்வார்கள்?

ஆனால் அந்தக் குளிர் வந்துகொண்டேதான் இருந்தது. 1983 டிசம்பரில் வந்தது. 1989 டிசம்பரில் வந்தது. 2011 பிப்ரவரியில் மறுபடியும். ஒவ்வொரு முறையும் தெற்கு மாநிலங்களில் குழாய்கள் உடைந்தன. காப்பீட்டு நிறுவனங்கள் பணம் கட்டிக் களைத்தன. ஆகவே 1990களில் அந்தத் துறையினரே பணம் கொடுத்து, இலினாய் பல்கலைக்கழகத்தின் கட்டட ஆய்வுக் குழுவிடம் ஒரு கேள்வி வைத்தார்கள்: குழாய் எப்போது, எப்படி உடைகிறது?

விடை 1996இல் வந்தது. உறைந்த நீர் சுமார் 9 சதவீதம் பருக்கிறது, அந்தப் பனிக்கட்டி குழாயின் சுவரைத் தள்ளி உடைக்கிறது என்றுதான் நாம் எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம். உடைவது பெரும்பாலும் அப்படி இல்லை. முதலில் குழாயில் ஓரிடத்தில் பனிக்கட்டி அடைத்துக்கொள்கிறது. அது வளர வளர, மூடிய குழாய்த் திருகுக்கும் தனக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீரை நெருக்குகிறது. தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது அல்லவா? அழுத்தம் ஏறிக்கொண்டே போய், பனிக்கட்டியே இல்லாத வேறோர் இடத்தில் குழாய் பிளக்கிறது. பிளந்தது அப்போது தெரியாது. பனி இளகித் தண்ணீர் ஓடத் தொடங்கும்போதுதான் கூரை ஒழுகும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாயின. ஒன்று, தெற்கத்திய வீடுகளில் ஆபத்து 0 டிகிரியில் தொடங்குவதில்லை. வெளியே ஏறக்குறைய மைனஸ் 7 டிகிரி செல்சியஸுக்குப் போகும்போதுதான். (ஊட்டியில் புல்வெளி வெள்ளையாகிற உறைபனிக் காலைகளில் வீட்டுக் குழாய்கள் பெரும்பாலும் தப்பிவிடுவது இதனால்தான். குளிர் அவ்வளவு கீழே இறங்குவதில்லை, வெயில் வந்ததும் போய்விடுகிறது.) இரண்டாவது, குழாயை இலேசாகச் சொட்ட விடும் பாட்டி வைத்தியம் வெறும் நம்பிக்கை அல்ல. சொட்டுகிற தண்ணீர் உறைவதை எப்போதும் தடுக்காது. ஆனால் திருகு சிறிது திறந்திருப்பதால் அழுத்தம் வெளியேறிவிடும். குழாய் உறைந்தாலும் பிளக்காது.

வீட்டுக்கு வீடு இந்த அறிவுரை போய்ச் சேர்ந்தது. 2021இல் அது ஏன் போதவில்லை?

பிப்ரவரி 15 அதிகாலை ஏறக்குறைய 1.20 மணிக்கு, டெக்சாஸ் மின் கட்டமைப்பை நடத்தும் எர்காட் நிறுவனம் மின்வெட்டுக்கு உத்தரவிட்டது. அந்த மாநிலத்தின் மின் நிலையங்களும் வெயிலுக்காகக் கட்டப்பட்டவை. பல நிலையங்களில் கொதிகலனைச் சுற்றிச் சுவரே கிடையாது. வீட்டில் நடந்ததுதான் அங்கேயும் நடந்தது. தென் டெக்சாஸ் அணுமின் நிலையத்தின் ஒரு யூனிட், நீரின் அழுத்தத்தை அளக்கும் ஒரு சிறு குழாய் உறைந்த காரணத்தால் அன்று காலை நின்றுபோனது. எரிவாயுக் கிணறுகளும் உறைந்தன. 45 லட்சம் வீடுகளுக்கு மேல் மின்சாரம் போனது, பல இடங்களில் நாள்கணக்கில். டெக்சாஸ் வீடுகளில் பாதிக்கு மேல் மின்சாரத்தால் சூடாக்கப்படுபவை. ஹீட்டர் நின்றதும், குழாய்க்கு இருந்த ஒரே பாதுகாப்பான வீட்டின் சூடும் போயிற்று. மறுநாள் டாலஸில் மைனஸ் 19 டிகிரி. 1949க்குப் பிறகு அங்கே அவ்வளவு குளிர் பதிவானதில்லை.

எல்லோரும் குழாயைச் சொட்ட விட்டார்கள். லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே நேரத்தில் சொட்டினால் அது சொட்டு அல்ல, ஆறு. அதோடு உடைந்த குழாய்களின் ஒழுக்கும் சேர்ந்தது. பம்ப் ஓட்ட மின்சாரமும் தட்டுப்பாடு. நகரக் குழாய்களில் அழுத்தம் சரிந்தது. ஹூஸ்டன் மேயர் சில்வெஸ்டர் டர்னர், குழாயைக் காப்பாற்றத் தண்ணீரை ஓட விடாதீர்கள், மருத்துவமனைகளுக்கும் தீயணைப்புக்கும் அது வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். உங்கள் வீட்டுக் குழாயைக் காப்பாற்றும் வழி ஊரின் தண்ணீரைக் காலி செய்கிறது என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அன்று இரவு பலர் முன்னால் இருந்த கேள்வி இதுதான். சான் அன்டோனியோ அருகே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு தீப்பிடித்தபோது, தெருவிலுள்ள தீயணைப்புக் குழாய்களில் தண்ணீர் இல்லாமல் லாரிகளில் கொண்டுவர வேண்டியதாயிற்று.

ஆஸ்டின் நகரம் மட்டும் கசிவுகளில் இழந்த தண்ணீர் 32.5 கோடி கேலன் என்று அதன் குடிநீர்த் துறை சொன்னது. நம் கணக்கில் 12,000 லிட்டர் லாரி ஒரு லட்சம் லோடு. மாநிலம் முழுக்க ஒரு கோடிக்கு மேற்பட்டோர் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி அறிவிக்கப்பட்டார்கள். அரசுக் கணக்கின்படி இறந்தவர்கள் 246 பேர். பிளம்பர்கள் போதாமல், வெளிமாநிலத்தாருக்குத் தற்காலிக உரிமம் கொடுத்து வரவழைத்தார்கள்.

எனக்கு இதில் மிகவும் உறைத்தது 2011 அறிக்கை. அந்தக் குளிருக்குப் பிறகு மத்திய எரிசக்தி ஆணையம் விசாரித்து, மின் நிலையங்களின் குழாய்களைக் குளிருக்குத் தயார் செய்யுங்கள் என்று எழுதியது. கட்டாயமாக்கவில்லை. கட்டாயமாக்கும் மாநிலச் சட்டம் 2021 ஜூனில்தான் வந்தது.

வீடுகளைப் பொறுத்தவரை செலவு குறைவு. பரணிலும் வெளிச்சுவரிலும் ஓடும் குழாய்க்கு ஃபோம் உறை போடலாம். அது குளிரைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. தோட்டக் குழாயிலிருந்து ஹோஸைக் கழற்றி மூடி போட வேண்டும். சிங்க் அடியிலுள்ள அலமாரிக் கதவைத் திறந்து வைத்தால் அறையின் சூடு உள்ளே போகும். சொட்ட விடுவதானால் மெயினிலிருந்து கடைசியாக இருக்கும் குழாயை, சூடு, குளிர் இரண்டையும். மின்சாரமும் போய்விட்டது, நகரமும் சொட்ட விடாதே என்கிறது என்றால் மிச்சமிருப்பது ஒரே வழி: மெயின் வால்வை மூடி, குழாய்களைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுவது. காலிக் குழாய் உறைந்தாலும் உடையாது.

அதற்கு வால்வு எங்கே என்று தெரிய வேண்டும். டெக்சாஸின் பழைய அடுக்குமாடிகள் பலவற்றில் கட்டடம் முழுவதற்கும் ஒரே வால்வு. மூன்றாம் மாடியில் பிளந்த குழாய் முதல் மாடிவரை நனைத்துக்கொண்டிருக்க, சாவி வைத்திருந்த மேனேஜர் பனிச்சாலையில் வர முடியாமல் இருந்த கதைகள் அந்த வாரத்தில் ஏராளம். நம் பிளாக்குகளில் ஒவ்வொரு பிளாட்டுக்கும் ஷாஃப்டில் தனி வால்வு இருக்கிறது. உங்களுடையது எது என்று தெரியாவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளம்பரை அழைத்துப் பாருங்கள். டாலஸில் இருக்கும் மகனிடமோ மகளிடமோ அடுத்த முறை பேசும்போது, குளிர் எப்படி என்று கேட்டுவிட்டு, உங்கள் வீட்டு மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள்.