தாழமுக்கம்: கடலில் தொடங்கி மலைச்சரிவில் முடிவது

‘வங்காள விரிகுடாவில் தாழமுக்கம்’ என்று வானொலி சொன்னால் முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் படகுகளைக் கரையேற்றுவார்கள். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி அங்கே இன்னும் பேச்சில் இருக்கிறது. பதுளைத் தோட்டங்களுக்கு அது தூரத்துக் கடலின் செய்தி. ஆனால் 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோது, மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று.

தாழமுக்கத்தைப் புரிந்துகொள்ள முதலில் வளியமுக்கத்தைப் பார்க்க வேண்டும். காற்றுக்கும் நிறை உண்டு. நமக்கு மேலே வானம்வரை அடுக்கியிருக்கும் காற்றின் பாரமே வளியமுக்கம். கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றர் மீதும் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் காற்று அழுத்துகிறது. இதன் சராசரி அளவு 1013 ஹெக்டோபாஸ்கல். பழைய பெயரில் மில்லிபார்.

மேலே ஏற ஏற, தலைக்கு மேலுள்ள காற்று குறைகிறது. ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளையில் அமுக்கம் சுமார் 935. 1,400 மீற்றருக்கு மேலுள்ள அப்புத்தளையில் சுமார் 855. வெல்லவாயவிலிருந்து மலையேறும் பஸ்ஸில் காது அடைப்பதும், அப்புத்தளையில் தண்ணீர் 95 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுவதும் இதனால்தான்.

அப்படியானால் மலையில் எப்போதும் தாழமுக்கமா? இல்லை. உயரத்தால் வரும் குறைவு நிரந்தரமானது. அது புயலைக் கொண்டுவராது. வானிலையாளர்கள் எல்லா இடத்து அளவையும் கடல் மட்டத்துக்குக் கணக்கிட்ட பின்பே ஒப்பிடுகிறார்கள். அப்போது சுற்றுப்புறத்தைவிடக் குறைந்திருக்கும் இடமே தாழமுக்கம்.

சூடான கடல் தன் மேலுள்ள காற்றைச் சூடாக்கி ஈரமாக்குகிறது. அந்தக் காற்று எழுந்து, உயரத்தில் வெளிப்பக்கமாகப் பரவுவதால் கீழே பாரம் குறைகிறது. சுற்றியுள்ள காற்று அந்த இடத்தை நோக்கி விரைகிறது. பூமியின் சுழற்சி அதை வளைத்துச் சுழல வைக்கிறது.

அந்த ஈரக்காற்று ஊவாவின் கிழக்குச் சரிவுகளில் மோதும்போது மேலே ஏறுவதைத் தவிர வழியில்லை. ஏறும்போது அமுக்கம் குறைய, காற்று விரிந்து குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. டித்வா, காற்றின் வேகத்தில் பெருஞ்சூறாவளி அல்ல. அழிவில் பெரும்பகுதி மழையாலும் அது கொண்டுவந்த வெள்ளம், மண்சரிவாலும் வந்தது.

இதே விதி தலைகீழாகவும் வேலை செய்கிறது. தென்மேற்குப் பருவத்தில் ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மழையை இறக்கிவிட்ட காற்று ஊவாவுக்குள் இறங்குகிறது. இறங்கும்போது அமுக்கம் கூடி, காற்று நெருக்கப்பட்டு, ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் சுமார் 10 பாகை வரை சூடாகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் இந்த உலர்காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு உலகறிந்த மணத்தைத் தருகிறது.

எனவே ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாதங்களில் ‘தாழமுக்கம்’ என்ற சொல் லயன்களிலும் கவனிக்கப்பட வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழை அறிவிப்போடு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் சேர்த்துக் கேளுங்கள். நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனக் கிளம்பும் அல்லது கலங்கும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் அறிவிப்புக்குக் காத்திராமல் வெளியேற வேண்டும்.

ஆனால் வெளியேறி எங்கே போவது? 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. அங்கு ஆபத்து இருப்பதாக 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனாலும் மக்கள் அதே லயன்களில்தான் இருந்தார்கள். பாதுகாப்பான காணியும் வீடும் கிடைக்காதவரை, எவ்வளவு துல்லியமான எச்சரிக்கையும் தோட்ட மக்களுக்குப் பாதிப் பாதுகாப்புத்தான்.