ஐ2பி: பெயரறியா வலையமைப்பில் டொரென்ட்டும் சொந்த வழங்கியும்

ஐ2பி என்பது, தொடர்புகொள்ளும் இருவரில் ஒருவரின் இருப்பிடம் மற்றவருக்கோ இடையில் இருப்பவர்களுக்கோ தெரியாதவாறு தகவல்களைக் கடத்தும் ஒரு கட்டற்ற மென்பொருள் வலையமைப்பு ஆகும். 'கண்ணுக்குப் புலப்படாத இணையத் திட்டம்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கமே இப்பெயர். 2003-இல் தொடங்கப்பட்ட இதனுள் டொரென்ட் முறையில் கோப்புகளைப் பகிரலாம். வீட்டுக் கணினியிலிருந்தே வலைத்தளம் நடத்தலாம். இத்தகைய வலையமைப்பு ஏன் தேவைப்பட்டது, அதன் சுமையை யார் சுமந்தார்கள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

டொரென்ட்டும் ஐபி முகவரியும்

இணையத்தில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி முகவரி உண்டு. கடிதத்தின் உறைமேல் அனுப்புநர் முகவரி எழுதுவதைப் போல, ஒவ்வொரு தகவல் பொட்டலத்தின்மீதும் இம்முகவரி இருக்கும். அம்முகவரி எந்த வாடிக்கையாளருக்கு வழங்கப்பட்டது என்பதை இணையச் சேவை நிறுவனம் அறியும்.

1999-இல் வந்த நாப்ஸ்டர், பாடல் கோப்புகளின் பட்டியலைத் தன் மைய வழங்கியில் வைத்திருந்தது. பதிப்புரிமை வழக்கினால் 2001-இல் அது மூடப்பட்டது. மையம் நின்றதும் எல்லாம் நின்றது. அதே ஆண்டில் பிராம் கோகன் என்ற அமெரிக்க நிரலாளர் பிட்டொரென்ட் நெறிமுறையை வெளியிட்டார். இதில் ஒரு கோப்பு பல துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு துண்டைப் பெற்றவர் அதை உடனே பிறருக்கும் வழங்குகிறார். எனவே ஆட்கள் கூடக்கூட வேகமும் கூடுகிறது. டெபியன் போன்ற லினக்ஸ் இயங்குதளங்கள் இன்றும் இம்முறையில் வழங்கப்படுகின்றன.

ஆனால் துண்டுகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டுமெனில் ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரிந்தாக வேண்டும். 'டிராக்கர்' எனப்படும் வழங்கி, ஒரு கோப்பைப் பகிர்பவர்களின் ஐபி முகவரிகளைக் கேட்பவருக்கெல்லாம் தருகிறது. ஆகவே அக்கூட்டத்தில் சேரும் எவரும் மற்றவர்களின் முகவரிகளைத் தொகுத்துவிடலாம். டொரென்ட்டின் வேகத்திற்குக் காரணமான இந்த வெளிப்படைத்தன்மையே அதன் பலவீனமும் ஆயிற்று.

முன்னோடிகள்

அனுப்புநரை மறைக்கும் எண்ணம் டொரென்ட்டுக்கு மிகவும் முந்தியது. 1981-இல் டேவிட் சாவும் என்ற கணினி அறிஞர், மின்னஞ்சல்களைப் பல இடைக்கணினிகள் வழியே கலந்து அனுப்பினால் யார் யாருக்கு எழுதினார் என்பதைக் கண்டறிய முடியாது என்று காட்டினார். 1990-களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் 'வெங்காய வழிச்செலுத்தல்' உருவானது. உறைக்குள் உறையாக மறையாக்கம் செய்யப்பட்ட செய்தியை ஒவ்வொரு இடைக்கணினியும் ஓர் உறையை மட்டும் பிரித்து அடுத்ததற்கு அனுப்பும். எந்தக் கணினிக்கும் முழு வழி தெரியாது. இவ்வழியில் 2002-இல் டோர் வலையமைப்பு வெளிவந்தது.

இதற்கிடையே, எடின்பரோ பல்கலைக்கழக மாணவர் இயன் கிளார்க் 1999-இல் எழுதிய ஆய்வறிக்கையிலிருந்து பிரீநெட் பிறந்தது. இதில் கோப்புகள் பயனர்களின் கணினிகளிலேயே துண்டு துண்டாகச் சேமிக்கப்படும். தன் கணினியில் எந்தத் துண்டு இருக்கிறது என்பது அதன் உரிமையாளருக்கே தெரியாது.

டோரில் டொரென்ட் ஏன் பொருந்தவில்லை?

டோர் இருக்கும்போது டொரென்ட்டை அதன் வழியே அனுப்பினால் போதாதா என்ற கேள்வி எழும். பலர் அப்படித்தான் செய்தனர். 2010-இல் பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தோர் அதன் ஆபத்தை நிறுவினர். பல டொரென்ட் மென்பொருள்கள் டிராக்கருக்கு அனுப்பும் செய்திக்குள்ளேயே பயனரின் உண்மையான ஐபி முகவரியை எழுதி அனுப்பின. உறைகளை எத்தனை அடுக்காகச் சுற்றினாலும், கடிதத்தின் உள்ளே கையெழுத்துப் போட்டால் என்ன பயன்? அத்துடன், ஒரே டோர் வழியில் செல்லும் பயனரின் மற்ற இணையப் பயன்பாடும் அந்த முகவரியோடு சேர்த்து அடையாளம் காணப்பட்டது. அதே ஆண்டு டோர் திட்டமும் டொரென்ட்டைத் தன் வழியே பயன்படுத்த வேண்டாம் என அறிவுறுத்தியது.

இரண்டாவது காரணம் சுமை. டோரில் சில ஆயிரம் தன்னார்வக் கணினிகளே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களின் போக்குவரத்தைச் சுமக்கின்றன. பெரும்பாலான பயனர்கள் பெறுகிறார்களே தவிர, சுமப்பதில்லை. பெருங்கோப்புகள் அங்கே ஓடினால், தணிக்கையைத் தாண்டிச் செய்தி படிக்க வந்தவருக்கு வழி அடைபடும்.

ஐ2பி-யின் தோற்றமும் அமைப்பும்

2003-இன் தொடக்கத்தில் பிரீநெட்டுக்கான ஒரு மாற்றமாகத் தொடங்கிய முயற்சி, அவ்வாண்டு ஆகஸ்டுக்குள் ஐ2பி என்ற தனித் திட்டமாயிற்று. இதை முன்னின்று நடத்தியவர் 'ஜேரேண்டம்' என்ற புனைபெயரால் மட்டுமே அறியப்பட்டவர்.

இதன் முறை 'பூண்டு வழிச்செலுத்தல்' எனப்படுகிறது. வெங்காயத்தில் அடுக்குகள் உண்டு. பூண்டில் ஒரே தோலுக்குள் பல பற்கள் உண்டு. அதுபோல ஒரே உறைக்குள் பல செய்திகளைச் சேர்த்து அனுப்ப முடியும். ஒவ்வொரு பயனரும் செய்தி வெளியே செல்லத் தனி வழியும், உள்ளே வரத் தனி வழியும் அமைத்துக்கொள்கிறார். ஒவ்வொரு வழியிலும் இயல்பாக மூன்று கணினிகள் இருக்கும். ஒரு கேள்வி போய் அதன் பதில் வருவதற்குள் நான்கு வழிகளைக் கடக்க வேண்டும். இவ்வழிகள் பத்து நிமிடங்களுக்கொரு முறை மாற்றப்படுகின்றன.

டோரிலிருந்து ஐ2பி வேறுபடும் முதன்மையான இடம் இதுவே: இங்கு ஏறத்தாழ ஒவ்வொரு பயனரின் கணினியும் பிறருடைய தகவலைக் கடத்துகிறது. கடுமையான கட்டுப்பாடுள்ள சில நாடுகளில் மட்டும், பயனரின் பாதுகாப்புக் கருதி, இப்பங்களிப்பு தானாகவே நிறுத்தப்படும். பெறுபவர் சுமப்பவராகவும் இருப்பதால், டொரென்ட் இங்கு ஏற்கப்பட்டது.

மார்க் வீலார்ட் எழுதிய ஸ்னார்க் என்ற நிரலை மாற்றியமைத்து 'ஐ2பி-ஸ்னார்க்' உருவாக்கப்பட்டு, ஐ2பி மென்பொருளுடனேயே வழங்கப்படுகிறது. இதில் பகிர்பவர்கள் ஐபி முகவரியால் அல்லாமல் மறையாக்கச் சாவிகளால் அடையாளம் பெறுகின்றனர். டிராக்கரும் வலையமைப்புக்கு உள்ளேயே இருக்கிறது. தவறுதலாகக்கூட வெளிப்படுத்த ஐபி முகவரி அங்கே எழுதப்படுவதில்லை. இதற்குக் கொடுக்கும் விலை வேகம். வெளியில் நிமிடங்களில் வரும் கோப்புக்கு இங்கு மணிக்கணக்கில் காத்திருக்க நேரிடலாம்.

சொந்த வழங்கி

வழக்கமாக ஒரு வலைத்தளம் நடத்த, பெயரை வாடகைக்கு எடுக்க வேண்டும். வழங்கியில் இடம் வாங்க வேண்டும். இரண்டு இடங்களிலும் நம் பெயரும் பணம் செலுத்திய விவரமும் பதிவாகும். அவர்களில் ஒருவர் மறுத்தாலும் தளம் மறையும்.

ஐ2பி-யை நிறுவியவுடன் கணினியிலேயே ஒரு சிறிய வலை வழங்கியும் கிடைக்கிறது. அதில் பக்கங்களை இட்டால் '.ஐ2பி' என முடியும் முகவரியில் வலையமைப்பினர் அதைக் காணலாம். அம்முகவரியின் அடிப்படை வடிவம் 52 எழுத்துகள் கொண்டது; சாவியிலிருந்தே கணக்கிடப்படுவதால் அதை எவரிடமும் வாங்க வேண்டியதில்லை. நினைவில் நிற்கும் பெயர்களை ஒவ்வொருவரும் தம் கணினியில் உள்ள முகவரிப் புத்தகத்தில் குறித்துக்கொள்கின்றனர்.

டோரும் 2004 முதல் இத்தகைய மறைவுத் தளங்களை ஆதரிக்கிறது. செய்தியாளர்களுக்கு ஆவணம் அளிப்போரைக் காக்கும் செக்யூர்டிராப் அவ்வசதியால் இயங்குகிறது. போதைப்பொருள் விற்ற சில்க் ரோடு தளமும் அதே வசதியில்தான் இயங்கி, 2013 அக்டோபரில் அமெரிக்க அரசால் மூடப்பட்டது. ஒரே கதவு இருவருக்கும் திறந்தது என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

2007–2008 நெருக்கடி

மையமே இல்லாதவாறு வடிவமைக்கப்பட்ட வலையமைப்புக்கு ஒரு மையம் இருந்தது. அது ஒரு மனிதர். 2007 நவம்பரில் ஜேரேண்டம், பணியிலிருந்து விலகியிருக்க நேர்ந்துள்ளதாக எதிர்பாராமல் அறிவித்தார். 2008 ஜனவரி 13 அன்று, திட்டத்தின் வழங்கிகள் பெரும்பாலானவற்றை வைத்திருந்த நிறுவனத்தில் மின்தடை ஏற்பட்டது. அவ்வழங்கிகள் முழுமையாக மீளவில்லை.

ஜேரேண்டம் இல்லாத நிலையில், 'இசட்' என்ற எழுத்தை மூன்று முறை அடுக்கித் தம் பெயராகக் கொண்டவர் உள்ளிட்ட சிலர் கூடி, புதிய தளமும் புதிய மூலநிரல் சேமிப்பகமும் அமைத்துத் திட்டத்தை மீட்டனர். மூலநிரல் திறந்ததாக இருந்ததால்தான் இது சாத்தியமாயிற்று. தகவல் கடத்தும் சுமை எல்லோருக்கும் பகிரப்பட்டிருந்தது. பராமரிக்கும் சுமை ஒருவரிடமே குவிந்திருந்தது என்பதை இந்நிகழ்வு வெளிப்படுத்தியது. பின்னர் சி++ மொழியில் 'ஐ2பிடி' என்ற தனிச் செயலாக்கம் வேறொரு குழுவால் எழுதப்பட்டது. 2023-இல் கியூபிட்டொரென்ட் மென்பொருளும் சோதனை முறையில் ஐ2பி-யை ஆதரிக்கத் தொடங்கியது.

வரம்புகள்

எந்தப் பெயரறியா வலையமைப்பும் முழுக் காப்பு அளிப்பதில்லை. முதன்முறை இணையும் கணினிக்குச் சில தொடக்க வழங்கிகளின் உதவி இன்றும் தேவை. வீட்டில் மின்சாரம் போகும் வேளையிலெல்லாம் ஒரு தளமும் நின்றுபோனால், தொடர்ந்து கவனிப்பவர் அதன் ஊரை ஊகிக்கலாம். ஒருவர் ஐ2பி பயன்படுத்துகிறார் என்ற செய்தியை இணையச் சேவை நிறுவனம் அறிய முடியும். என்ன செய்கிறார் என்பதே மறைகிறது.

முகவரி மறைவதால் சட்டம் மறைவதில்லை. பிறர் படைப்பை அனுமதியின்றிப் பகிர்வது இங்கும் பதிப்புரிமை மீறலே. இந்நுட்பத்தைக் கற்க விரும்பும் மாணவர்கள் கட்டற்ற மென்பொருள், பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்கள், தாமே எழுதிய பக்கங்கள் ஆகியவற்றைக்கொண்டு தொடங்கலாம். மென்பொருளை இயக்கி வைத்திருக்கும் நேரமெல்லாம் அவர்கள் கணினி முகமறியாத யாரோ ஒருவரின் தகவலையும் கடத்திக்கொண்டிருக்கும்.