வேருக்குக் கிடைத்த தோழன்

பூஞ்சை என்றாலே பயிருக்கு நோய்தானே? 19-ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

ட்ரஃபிள் என்ற விலையுயர்ந்த நிலத்தடிக் காளானை வளர்க்க வழி தேடும்படி, தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்கிடம் பிரஷ்ய அரசு சொன்னது. தேடப் போனவர், நன்றாக வளர்ந்த மரங்களின் வேர்நுனிகளைப் பூஞ்சை உறைபோல் மூடியிருப்பதைக் கண்டார். 1885-இல் அதற்கு 'மைக்கோரைசா', அதாவது பூஞ்சைவேர் என்று பெயரிட்டார். மரத்துக்கு உணவூட்டுவதே இந்தப் பூஞ்சைதான் என்றார். பலர் ஏற்கவில்லை!

பயிர்களின் வேருக்குள்ளேயே வாழ்வது வேறொரு வகை. 1971-இல் இங்கிலாந்தில் ஹேமன், பார்பரா மோஸ் இருவரும் பாஸ்பேட் குறைந்த மண்ணில் வெங்காயம் வளர்த்துப் பார்த்தார்கள். பூஞ்சை சேர்த்த செடிகள் செழித்தன. வேர் எட்டாத இடத்திலிருந்தும் பூஞ்சை இழைகள் பாஸ்பரஸைக் கொண்டுவரும். கூலியாகச் செடி சர்க்கரை கொடுக்கும்.

பாஸ்பேட் உரத்தை அள்ளிக் கொட்டினால்? செடி இந்தத் தோழனை ஒதுக்கிவிடும்!