குளிர் தாங்கும் பனைகள் – கியூ தாவரவியல் பூங்கா

லண்டனின் கியூ அரச தாவரவியல் பூங்காவில் வளர்க்கப்பட்டுவரும், உறைபனிக்குத் தாக்குப்பிடிக்கும் பனைக் குடும்பத் தாவரங்கள். தலையாயது சீனாவின் சூசன் பனை (டிராக்கிகார்பஸ் ஃபார்ச்சூனி). ராபர்ட் ஃபார்ச்சூன் 1849இல் அனுப்பிய இதன் கன்றுகள், பனை என்றாலே கண்ணாடி மனைக்குள் வளர வேண்டியது என்ற எண்ணத்தை மாற்றின.

பனைக்கு உச்சிக் குருத்தே உயிர். ஓலை கருகினாலும் மரம் பிழைக்கும். குருத்து உறைந்தால் மீளாது. சூசன் பனையின் தண்டை அடர்ந்த நார் போர்த்தியிருக்கும். முதிர்ந்த மரங்கள் உறைநிலைக்குப் பத்து டிகிரி கீழான குளிரையும் தாங்கும். இளங்கன்றுகளுக்கு அவ்வளவு வலு இல்லை. குருத்தில் தேங்கும் மாரிக்கால ஈரம் பல வேளை குளிரைவிடக் கொடியது. எனவே நீர் வடியும் மண்ணும் காற்று மறைவும் இன்றியமையாதவை.

சிலி ஒயின் பனையும் (ஜுபேயா சிலென்சிஸ்) முதிர்ந்தபின் உறைபனி தாங்கும் இனமே. 1840களில் சிலியிலிருந்து வந்த விதையில் முளைத்த ஒரு மரம், கியூவின் மிதவெப்ப மனைக்குள் 16 மீட்டருக்கு மேல் உயர்ந்து, உள்ளரங்கில் வளர்ந்த உலகின் மிக உயரமான தாவரங்களுள் ஒன்றாகப் பேர்பெற்றது. கூரையை எட்டிய அம்மரம் மனையின் சீரமைப்புக் காலத்தில் வெட்டப்பட்டது. இத்தொகுப்புக்கு இது பெரிய இழப்பு.